திவ்யலட்சுமி வேலை தேடிய விதம்

திவ்யலட்சுமி சட்டக் கல்லூரியில் நாலாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த பிஜி சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கொச்சியிலிருந்து ஆள் எடுக்க வரும் கம்பெனிகளுக்கு முதல் பத்து ராங்க்காரர்களின் பெயரைத்தான் அனுப்புவார்கள், அவள் முப்பத்தோராவது. இப்போதே பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேர்ந்துவிட்டால் காலம் வீணாகாது என்றார். அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அதில்தான் அவளுக்கு மனசு ஆறவில்லை. என் வேலையை நானே தேடிக்கொள்கிறேன் சார் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அப்பா தங்கப்பனுக்குப் பழவங்காடியில் பாத்திரக்கடை. வீட்டில் பேசுவது தமிழ். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்குச் சித்தப்பாவோ மாமாவோ வக்கீலாக இருந்தார்கள். இவள் வீட்டில் கோர்ட் வாசலை மிதித்தவர்கூடக் கிடையாது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த அண்ணன் வினீத், இதெல்லாம் எண்ணிக்கை விளையாட்டு, நூறு பேருக்கு மெயில் போடு, நாலு பேர் கூப்பிடுவான் என்றான். நாற்பது போட்டாள். இரண்டு பதில் வந்தன. இரண்டும் மெஷின் அனுப்பியவை.

அதோடு மெயிலை விட்டாள். யார் வேலை தருவார்கள் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, எந்த வேலையைப் பத்து வருஷம் சலிக்காமல் செய்வேன் என்று யோசித்தாள். வகுப்பே தூங்கி வழிந்த இன்ஷூரன்ஸ் சட்டப் பாடத்தில் அவள் ஒருத்திதான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, அதுதான் என்று முடிவு செய்தாள். இந்த ஊரில் அந்த வழக்குகளை யார் நன்றாக நடத்துகிறார்கள் என்று இன்டர்நெட்டில் தேடினால் விளம்பரம்தான் வந்தது. ஆகவே லீவு விட்டதும் இன்ஷூரன்ஸ் வழக்குகள் நடக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று வாரம் தினமும் போனாள். யார் ஃபைலைப் படித்துவிட்டு வருகிறார், யார் வந்த பிறகு புரட்டுகிறார் என்று நோட்டில் குறித்தாள். முடிவில் அடிக்கப்படாமல் மிஞ்சியவை மூன்று பெயர்கள்.

முதல் வக்கீல் பார்க்கவே இல்லை. இரண்டாமவர், ஆபீஸ் சின்னது, பெண்பிள்ளைகளை வைத்துக்கொள்வதில்லை என்றார். அந்தப் பெயரையும் அவர் கண் முன்னாலேயே அடித்துவிட்டு எழுந்து வந்தாள். மூன்றாவது, வஞ்சியூரில் ஆபீஸ் வைத்திருந்த சுசீலாபாய். அவரும் இடமில்லை என்றுதான் அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை திவ்யலட்சுமி மறுபடி போனாள். கையில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். சுசீலாபாய் அந்த மாதம் தோற்ற ஒரு வழக்கு ஏன் தோற்றது என்று அதில் இருந்தது. அவர் நின்றபடியே படித்தார். முகம் இறுகியது. பிறகு ஒரு நாற்காலியிலிருந்த ஃபைல் கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இரி. ரெண்டாவது பக்கத்துல சொன்னது தப்பு. முதல் பக்கம் சரியாக்கும், கேட்டோ," என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் ஆன்சனின் வழக்கைப் படித்தாள். ஆன்சன் விழிஞ்ஞத்தில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். கடலில் நங்கூரமிட்டிருந்த படகை ஒரு கப்பல் இடித்துவிட்டுப் போய்விட்டது. படகில் இருந்தவர்கள் காவல் இல்லாமல் தூங்கினார்கள் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. அதற்கு ஆதாரம், படகில் வேலை பார்த்த குளச்சல்காரர் ஒருவரின் வாக்குமூலம். ஆங்கில மொழிபெயர்ப்பில், விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தோம் என்று இருந்தது. அவள் தமிழ் மூலத்தைத் தேடி எடுத்தாள். "லைட்டப் போட்டுக்கிட்டு ராத்திரி பூரா நங்கூரத்துல கெடந்தோம்" என்று அவர் சொல்லியிருந்தார். நங்கூரமிட்டுக் கிடந்தது படகு. மொழிபெயர்த்தவர் ஆளைப் படுக்க வைத்துவிட்டார்.

சுசீலாபாய் அந்தக் குளச்சல்காரரை மறுபடி சாட்சி சொல்ல வரவழைத்தார். ஆன்சனுக்குப் படகின் இழப்பீடு கிடைத்தது.

இது வெளியே பரவி, விழிஞ்ஞம் துறைமுகத்தை நம்பி ஊரில் கிளை திறந்த ஒரு வக்கீல் கம்பெனி கல்லூரி வழியாக அவளைத் தேடியது. இந்தத் தடவை பிஜி சாரே போன் செய்தார். தமிழ் வாக்குமூலங்களை மொழிபெயர்க்கிற வேலை, மாதச் சம்பளம், படிப்பு முடிந்ததும் சேரலாம். ராங்க்காரர்களுக்கே இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றார்.

நேர்காணலுக்குப் போய், வக்கீலாகப் பதிவு செய்து வழக்காட விடுவீர்களா என்று கேட்டாள். அது இந்தப் பதவிக்குப் பொருந்தாது என்றார்கள். அப்படியென்றால் எனக்கும் பொருந்தாது என்று சொல்லி நன்றி கூறி எழுந்தாள்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா முத்தாரம்மாள் மீந்த சோற்றை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாதான் கேட்டார்.

"கையில வந்தத வேண்டாம்ணு சொல்லிட்டியே மக்ளே. வேற ஒண்ணு இருக்கா?"

"இல்லப்பா. அடுத்தவன் பேசினத எழுதிக் குடுக்கதுக்கா அஞ்சு வருசம் படிக்கேன்? நான் பேசணும்."

ஐந்து மாதம் எதுவும் வரவில்லை. அண்ணன் இரண்டு முறை கோச்சிங் விளம்பரத்தைப் போனில் அனுப்பினான். இரண்டையும் அழித்தாள். கல்லூரி நேரம் போக சுசீலாபாயின் ஆபீசுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசிப் பரீட்சைக்கு முந்தின வாரம், ஜூனியராக இருக்கிறாயா என்று சுசீலாபாய் கேட்டார். முதல் வருஷத்திலேயே ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும், அதைக் கடிதத்தில் எழுதித் தர வேண்டும் என்றாள். சுசீலாபாய் சிரித்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார்.

சம்பளம் அந்தக் கம்பெனி தருவதாகச் சொன்னதில் பாதிகூட இல்லை.

கறுப்புக் கோட்டுப் போட்டு அவள் தனியாக ஆஜரான முதல் நாள், எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் எழுந்து வழக்கம்போல ஒரு மாத வாய்தா கேட்டார். யாரும் எதிர்ப்பதில்லை. அவள் எதிர்த்தாள். குரல் முதலில் கிறீச்சிட்டது, பிறகு சீரானது. ஆபீசுக்குத் திரும்பியதும், வாய்தா கொடுத்துவிட்டார்களாமே என்றார் சுசீலாபாய்.

"ஒரு மாசம் கேட்டாரு மேடம். ஒரு வாரத்துல நிறுத்திட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தாள்.