பாண்டிசெல்வியின் இடது கண்

பாண்டிசெல்விக்கு முப்பத்தெட்டு வயது. ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. கண்ணாடி மேசைக்கு அடியில் ட்யூப்லைட் எரியும், மேலே வெள்ளைத்துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடமோ எண்ணெய்ப் பொட்டோ வந்தால் அவள் விரல் போய் அங்கே நிற்கும். பதினான்கு வருடமாக அதே மேசைதான். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி, இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் பிரிந்து வந்தவள், அப்பா இருளப்பசாமியோடு இருந்தாள். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு கண்ணில் திரை விழுவது போல நிழல் இறங்கியது. லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. லாரியை ஒரு புளியமரத்தில் உரசிய பிறகுதான் சொன்னார். உள்ளே விழித்திரை கிழிந்து கழன்றுவிட்டது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். மூன்று வருடம் கழித்து அடுத்த கண்ணுக்கும் அதே கதிதான்.

பக்கத்து வீட்டு யுவராணி கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அவளும் தடித்த கண்ணாடிக்காரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்தில் ஒரு தோழியின் மாடியறையில் நாலைந்து பேர் கூடி, மேசை மேல் சின்னச் சின்னப் பொம்மைகளை வைத்து, பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடுவார்கள். வீரர்கள், சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள் எல்லாம் கட்டைவிரல் உயரம்தான். சாம்பல் நிற பிளாஸ்டிக்காகத்தான் வரும், நாம்தான் வண்ணம் பூசிக்கொள்ள வேண்டும்.

“எக்கா, துணியில ஒத்த நூல் விட்டாக் கூடக் கண்டுபிடிச்சிருவீக. இதுக்கு உங்க கண்ணுதான் வேணும்” என்று ஒருநாள் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள் யுவராணி.

முதல் பொம்மை ஈட்டிக்காரன். பாட்டிலிலிருந்து பெயிண்டை அப்படியே தொட்டுப் பூசினாள் பாண்டிசெல்வி. மூக்கும் வாயும் அடைபட்டு, முகத்தில் எதையோ அப்பிவிட்டது போலாகிவிட்டது. யுவராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தோசை மாவு மாதிரி இருக்கக் கூடாதுக்கா. பாலு மாதிரி இருக்கணும். தண்ணி ஊத்திக் கலக்கி, ரெண்டு தடவை, மூணு தடவை மெல்லிசாப் பூசணும்.”

அதைப் பிடித்துக்கொண்டாள். டிபன் பாக்ஸ் மூடியில் நனைத்த டிஷ்யூ விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டால் பெயிண்ட் காயாமல் இருக்கும். காலி டானிக் பாட்டிலின் மேல் பொம்மையை ஒட்டிக்கொண்டால் பிடிக்க வசதி. பூச ஆரம்பிக்கும் முன் மொட்டை மாடியில் வைத்துக் கறுப்பு ஸ்ப்ரே அடிக்க வேண்டும், அப்போதுதான் பெயிண்ட் பிடிக்கும். நாலாவதாக ஒரு வில்லுக்காரி. கம்பெனியில் நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு, அந்தப் பெண்ணின் இடுப்பு வாரில் பழுப்பு ஏறி, மடிப்புக்குள் நிழல் தங்கியதைப் பார்த்தபோது சொல்ல முடியாத சந்தோஷம்.

அந்த வாரம்தான் இடது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. மாடியில் காற்று அடித்ததே, ஸ்ப்ரே பட்டிருக்கும் என்று கண்ணைக் கழுவினாள். புள்ளிகள் போகவில்லை. மறுநாள் தலையைத் திருப்பும்போது ஓரத்தில் மின்னல் மாதிரி ஒன்று வெட்டியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை வில்லுக்காரிக்குக் கண் வைக்க உட்கார்ந்தாள். பொம்மைக் கண் என்பது கடுகைவிடச் சிறிய ஒரு புள்ளி. குறி தப்பாமலிருக்க ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தாள் யுவராணி. வலது கண்ணை மூடினாள். பிரஷை நனைக்க இடப்பக்கம் பார்க்காமலே கையை நீட்டினாள். அங்கே தண்ணீர் டம்ளர் இருந்தது, கையில் பட்டது, ஆனால் ஓரக்கண்ணுக்குத் தெரியவில்லை. வலது கண்ணைத் திறந்தாள், டம்ளர் இருந்தது. மூடினாள், டம்ளரின் இடத்தில் கீழிருந்து சாம்பல் நிறமாக ஏதோ எழும்பி நின்றது.

அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சொன்ன அதே நிழல்.

உடனே ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. பிரஷைக் கழுவி வைத்தாள், அரிசி களைந்து உலையில் போட்டாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்றும், சொன்னால்தான் நிஜமாகிவிடும் என்றும் மனசு மாற்றி மாற்றிச் சொன்னது. கண் போனால் செக்கிங் மேசை போய்விடும். அப்பாவுக்குச் சோறு போடுவது யார்? இருட்டில் இரண்டு பேர் ஒரே வீட்டில் சுவரைத் தடவி நடப்பது போல ஒரு காட்சி வந்து வந்து போனது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மணிக்கு ஒருதரம் பாத்ரூமுக்குப் போய், வலது கண்ணை மூடிப் பார்த்தாள். நிழல் ஒரு நூல் ஏறியிருந்தது. செவ்வாயன்று மேசையின் இடது ஓரத்தில் கையளவு இழை விட்ட துணி அவளைத் தாண்டிப் போனது. பக்கத்து மேசைப் பெண் பிடித்து நிறுத்திவிட்டு, “என்னக்கா, உடம்புக்கு முடியலையா?” என்றாள். புதன்கிழமை மாலை பஸ்ஸில் இடப்பக்கத்து ஜன்னலோரம் கிடைத்தது. மலை கூடவே வந்தது. வலது கண்ணை மூடினாள். மலையுச்சி இருந்தது. அடிவாரமும் தென்னந்தோப்பும் இல்லை. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை திறக்கவே இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது இடது தோள் நிலையில் இடித்தது. அடுக்களைக்குப் போகும்போது மறுபடியும் இடித்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த இருளப்பசாமி தலையைத் தூக்கினார். “ஏட்டி, நில்லு.”

நின்றாள்.

“நேத்தும் இடிச்சே. இன்னிக்கு ரெண்டு தடவை. இடது பக்கமாவே இடிக்குதே?”

“கால் தடுக்கிருச்சுப்பா.”

“கால் தடுக்குனா தோள் ஏன் இடிக்குது?” அவர் அவள் பக்கம் காதைத் திருப்பினார். “கண்ணுல கோளாறாட்டி?”

அவளிடமிருந்து அழுகைச் சத்தம்தான் வந்தது.

“எத்தனை நாளாச்சு?”

“நாலு நாள்.”

கட்டிலிலிருந்து எழுந்து, காற்றில் கையை வீசி அவளைத் தேடினார். அவள் மணிக்கட்டு அகப்பட்டதும் வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தார். “நான் பயந்து பயந்துதான் குருடானேன். நீ இன்னைக்கே போறே. செத்த நேரங்கூட இங்க நிக்கக் கூடாது. அந்தப் பிள்ளை யுவராணியைக் கூப்புடு.”

யுவராணி கண் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்து விசாரித்தாள். தலையை அதிகம் ஆட்டாமல், நேராக மதுரைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு டாக்ஸி கிடைத்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாண்டிசெல்வி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, மெதுவா… அண்ணே, மெதுவா” என்று யுவராணி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். கல்லுப்பட்டி தாண்டும்போது, வில்லுக்காரிக்கு இன்னும் கண் வைக்கவில்லையே, நிழல் அதையும் மறைத்துவிடுமா என்று பாண்டிசெல்வி கேட்டாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது யுவராணிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “மைனஸ் இவ்வளவு இருந்தா விழித்திரை மெலிஞ்சிரும், உங்களுக்குக் கிழிஞ்சு கழல ஆரம்பிச்சிருக்கு. ஆனா நடுப்பார்வை இன்னும் போகலை. ரொம்ப நாள் தாங்காது. காலையிலேயே ஆபரேஷன் பண்ணிடலாம். முழுசாத் திரும்பும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்தை மூடிய பச்சைத்துணிக்கு அடியில் அவள் முழு நினைவோடு கிடந்தாள். கருவிகள் உரசும் ஓசை கேட்டது. இருமல் வந்துவிடுமோ, தலை அசைந்துவிடுமோ என்று பயம். வில்லுக்காரிக்குப் பூசிய வண்ணங்களை வரிசையாக மனதுக்குள் சொன்னாள்: கறுப்பு, பழுப்பு, செம்பழுப்பு, எலும்பு வெள்ளை. முடிந்ததும் மறுபடி கறுப்பிலிருந்து. எத்தனை முறை சொன்னாளோ தெரியாது.

கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்பினார்கள். அது விழித்திரையை ஒட்டவைத்துப் பிடித்திருக்குமாம். ஏழு நாள் குப்புறவே கிடக்க வேண்டும். யுவராணி காலையும் மாலையும் வந்து சமைத்தாள், சொட்டுமருந்து விட்டாள். அப்பா பகல் முழுக்கத் தரையில், அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பாய் கொஞ்சம் கரகரத்தாலும், “திரும்பிட்டியா?” என்பார். “இல்லப்பா” என்பாள். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி கேட்பார். எரிச்சலில் ஒருநாள் கத்திவிட்டாள். அடுத்த தடவை பாய் கரகரத்ததும் அவர், “திரும்பலையே?” என்றார்.

கண்ணுக்குள் நீர்க்குமிழி போல அந்த வாயு ஆடியது. வாரக்கணக்கில் சுருங்கி, பட்டாணியளவாகி, ஒரு காலையில் காணாமல் போனது. அன்று வலது கண்ணை மூட அவளுக்குத் தைரியம் வர வெகுநேரமாயிற்று. மூடினாள். சுவரில் காலண்டர் முழுதாக இருந்தது. கட்டங்களின் கோடு ஓரிடத்தில் லேசாக நெளிந்தது, கீழ் ஓரத்தில் கொஞ்சம் மங்கல். மற்றதெல்லாம் இருந்தது.

“தெரியுதாட்டி?” என்றார் அப்பா.

“தெரியுதுப்பா. உங்க சட்டையில பொத்தான் மாறிப் போட்டிருக்கீக.”

கம்பெனியில் மூன்று மாதம் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு பழைய மேசைக்கே வந்துவிட்டாள். பெயிண்ட் டப்பாவை மட்டும் வெகுநாள் தொடவில்லை. தொட்டபோது, நெளிந்து தெரியும் கோட்டுக்குக் கை பழக ஒரு மாதமாயிற்று.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை அவள் யுவராணியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். “கிளம்பு. உன் கண்ணைப் பார்க்கணும்.”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாத் தெரியுது.”

“எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சது. மைனஸ் ஒம்பது வச்சுக்கிட்டு என்ன பேச்சு? கிளம்புட்டி.”

மதுரை ஆஸ்பத்திரியில், சொட்டுமருந்து விட்டு உட்கார வைத்திருந்த வரிசையில் யுவராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எக்கா, ஏதாச்சும் இருந்துருச்சுன்னா?” என்று மூன்று தரம் கேட்டாள். பாண்டிசெல்வி அந்தக் கையை விடவில்லை. யுவராணியின் வலது கண்ணில் விழித்திரை ஓரமாக ஒரு இடத்தில் மெலிந்திருந்தது, இன்னும் கிழியவில்லை. அந்த இடம் கிழியாமலிருக்க லேசர் வைக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

பாண்டிசெல்வியும் தன் கண்ணைக் காட்டி மருந்து விட்டுக்கொண்டிருந்ததால், வெளியே வெயிலில் இரண்டு பேருக்கும் கண் கூசியது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ தேடினார்கள்.