ரெகுலா நீட்டிய கால்

1. கோபம்

சுவிஸில், லாங்கன்தால் நகரில் எங்கள் கராஜ், மலைப்பாதையில் ஏறும் ரேஸ்களுக்காக ஒரு காரை வைத்திருக்கிறது. நான் அதன் மெக்கானிக். ஸ்கீ என்னும் பனிச்சறுக்கில் சம்பியனாக இருந்த ரெகுலா, முழங்கால் போனபின் எங்களிடம் ஓட்டுநராக வந்தார். முதல் நாளே எனக்குக் கோபத்தைக் கிளப்பினார்.

காரில் ஏறுமுன் ஒரு காலைப் பின்னால் மடக்கி, சப்பாத்தின் அடியை என் பக்கம் நீட்டினார். வாய் திறக்கவில்லை, கண் பாதையிலேயே இருந்தது. நான் மரம் மாதிரி நின்றேன். சற்றுப் பொறுத்துக் காலை இறக்கி, ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன்.

"சப்பாத்தைத் துடைக்கச் சொன்னவவோ?"

"சொல்லேல்லை. காலை நீட்டினவ."

"ஏனெண்டு கேட்டனீங்களோ?"

"இல்லை."

"கேக்காமல் கோவிச்சு என்ன பிரயோசனம்?"

அவளுக்கு எப்போதும் மற்றவர் பக்கம்தான்.

2. மழை

முதல் ரேஸில் நல்ல மழை. முதல் ஓட்டத்திலேயே ரெகுலாவின் கால் பிரேக்கில் வழுக்கி, கார் ஓரத் தடுப்பில் உரசியது. எங்கள் ஷெஃப், அதாவது கராஜ் முதலாளி, சுவிஸ் ஜேர்மனில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: "அடுத்த ஓட்டமும் இப்பிடியெண்டால் வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

ரெகுலா ஒரு ரயரின்மேல் குந்தியிருந்தார். ஸ்கீ போய்விட்டது, இதுவும் போனால் என்ன செய்வார்? பாவமாக இருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் காலை நீட்டினீங்கள்?"

அவர் முகம் சிவந்தது. "ஸ்கீயைக் காலிலை பூட்டமுதல் என்ரை உதவியாள் பூட்ஸுக்கடியிலை இருக்கிற பனியைச் சுரண்டிவிடுவார். பனி இருந்தால் ஸ்கீ பூட்டாது. பழக்கதோசம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இருவரும் அவருடைய சப்பாத்தைப் பார்த்தோம். அடி முழுக்க ஈரச் சேறு. பிரேக் ஏன் வழுக்கியது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு அவரைக் கால் வெளியே தொங்க சீற்றில் உட்காரச் சொன்னேன். முழங்காலில் நின்று சப்பாத்து, பெடல் எல்லாவற்றையும் காயத் துடைத்தேன். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் கார் புதுக் கீறல் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது.

"அடுத்த ரேஸும் இவதான்," என்றார் ஷெஃப்.

3. டாவோஸ்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விளங்காததைக் கண்டால் முதலில் கேளுங்கள். கோபப்பட பிறகும் நேரம் இருக்கும்.

அந்தக் குளிர்காலம் ரெகுலா எங்களை டாவோஸுக்கு ஸ்கீ பழகக் கூட்டிப்போனார். என் ஸ்கீ மட்டும் பூட்டவே இல்லை. நான் மிதித்து மிதித்துக் களைத்துவிட்டேன். சம்பியன் வந்து என் முன்னால் பனியில் முழங்காலிட்டார்.

"காலைத் தூக்குங்கோ."

கூச்சமாகத்தான் இருந்தது. தூக்கினேன்.