பச்சை என்று குறித்தவர்

துவைத்துக் காய்ந்த காலுறைகளை மனைவி ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புக்கு மட்டும் உள்பக்கம் ஒரு தையல் முடிச்சு. பச்சையோடு அவர் மாற்றிப் போட்டுவிடக் கூடாதே. கல்யாணமான மறுவாரமே தொடங்கிய ஏற்பாடு. அவருக்குப் பச்சையும் பழுப்பும் சாம்பலும் ஒன்றுதான் என்ற சேதி இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அச்சகத்தில் புரூப் பார்க்கிறவர். கறுப்பு வெள்ளையிலேயே பிழைப்பு ஓடிவிட்டது.

ஆசை சும்மா விடுமா? ஃபிலிம் கிளப்பில் படம் முடிந்ததும் எழுந்து பேசுவார், அதுவும் நிறங்களைப் பற்றி. நீலம் பிரிவு, மஞ்சள் நோய் என்று அவர் அவிழ்க்க அவிழ்க்க, கிளப்பே வாய் பிளக்கும். அந்தப் படத்தை இருவரும் முன்கூட்டியே வீட்டில் போட்டுப் பார்த்திருப்பார்கள். மனைவி காட்சிக்குக் காட்சி நிறம் சொல்ல, அவர் குறித்துக்கொள்வார். கூட ஏதாவது அவள் சொன்னால், "கதையெல்லாம் வேணாம், கலரை மட்டும் சொல்லு" என்பார்.

நேற்றைய படத்தில் ஒருத்தி பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் மழையில் நிற்கிறாள். அவருடைய தாளில் 'பச்சை' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசினார். அவள் உடுத்திய பச்சை துளிராம், காடாம், தாய்மையாம்.

நர்ஸ் ஒருத்தி எழுந்தாள். "சார், அந்தப் பொண்ணு சாம்பல் கலர் கவுன்லதானே இருந்தா? படம் முழுக்க மருந்துக்குக்கூடப் பச்சை கிடையாதே."

"அப்போ இவ்வளவு நேரம் சொன்னது பச்சைப் பொய்யா சார்?" என்றது பின்வரிசை. கூடம் சிரித்து உருண்டது.

அவருக்கு நா தானாகவே புரண்டது.

"குறிப்பு எடுத்தது என் வீட்டுக்காரி. அவளுக்கு நிறம் பார்க்கிறதுல கொஞ்சம் கோளாறு."

தலைகள் ஓரமாக உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பின. அவள் மறுக்கவில்லை, ஆமாம் என்பதுபோல் சிரித்துவைத்தாள். "கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்கக்கா" என்று நர்ஸ் அவள் தோளைத் தொட்டபோது, அவர் மேசைமேல் தாள்களை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

இப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ பச்சைன்னுதானே சொன்னே?" என்றார்.

"பச்சை உடம்புன்னு சொன்னேன்." அவள் ஒரு ஜோடியைச் சுருட்டினாள். "பச்சை உடம்போட இப்படி நனையறாளேன்னு வாய் விட்டுட்டேன். அப்புறம் கவுன் சாம்பல்னும் சொன்னேன். நீங்கதான் குனிஞ்சு எழுதிட்டே இருந்தீங்க."

பிள்ளை பெற்றவளின் ஆறாத உடம்பு. ஊரார் எழுத்தில் முப்பது வருஷமாகப் பிழை பிடித்தவருக்குத் தெரியாத சொல்லா? இதே கட்டிலில் இரண்டு முறை அவள் அப்படிப் படுத்திருந்திருக்கிறாள். அவருக்குக் காது மடல் சுட்டது.

"எல்லார் முன்னாடியும் உன்னைப் போய்..."

"விடுங்க. எனக்கென்ன, நான் என்ன மேடையில பேசறவளா?"

அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"அடுத்த கூட்டத்துல எந்திரிச்சு உண்மையைச் சொல்லிடறேன். கோளாறு எனக்குத்தான்னு."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்துவிட மாட்டாளா என்று மனம் ஒரு ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தது. அது தனக்கே தெரிந்ததும் இன்னும் கூனிப்போனார்.

"சொல்லட்டுமா?"

அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.