கோணி போர்த்திய ஹீட் பம்ப்

சுடுதண்ணிக்கு ஹீட் பம்ப் மாட்டுகிறவனுக்குப் பாதி வேலை ஸ்பேனரில், மீதி வேலை "காத்துல இருந்து எப்பிடிங்க சூடு வரும்?" என்பதற்குப் பதில் சொல்வதில். பாத்ரூம் வாசலில் வாளியோடு நின்று, தண்ணீர் எப்போது சுடும் என்று காத்திருந்த உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும்.

சின்னதே போதும்

மலைமேல் கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் முருகேசன், கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு வந்தார். மனைவி செல்வி தலைப்பிரசவத்துக்குத் திருநாவலூர் தாய்வீட்டுக்குப் போனவர். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். மலைக்குளிரில் குழந்தையைக் குளிப்பாட்டச் சுடுதண்ணிக்கு ஒரு வழி செய்தால்தான் அனுப்புவேன் என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாராம். விறகடுப்பின் புகை குழந்தைக்கு ஆகாது. கீசர் போட்டால் அந்த வோல்டேஜுக்குக் கடை ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. ஹீட் பம்ப் காற்றிலிருக்கும் சூட்டையே எடுத்துக்கொள்வதால் கரண்ட் கம்மியாகத்தான் இழுக்கும் என்றதும் அவர் முகம் தெளிந்தது. பெரிய டேங்காகப் பாருங்கள் என்றேன். கேட்கவில்லை.

"நான் எப்பவும் பச்சத்தண்ணிதாங்க. புள்ள கையளவு இருக்குது, அதுக்கு எம்மாந்தண்ணி வேணும்?"

கோணியும் கம்பளியும்

மாட்டிவிட்டு வந்த இரண்டாவது வாரம் போன். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை, மாமியார் காதுக்குப் போனால் காரியம் கெட்டது என்று பதறினார். வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். வீட்டுக்கு வெளியே நின்ற மெஷினைச் சுற்றிக் கோணி, அதன்மேல் பழைய கம்பளி. காற்று போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை. எல்லாவற்றையும் உருவிப் போட்டு, முன்னும் பின்னும் இடம் விடவேண்டும் என்று சத்தம் போட்டேன். அவர் கம்பளியை மடித்தபடி சொன்னார்:

"பனியில நனைஞ்சிக்கினு நிக்குதேன்னு போத்துனேங்க. புள்ளைக்குன்னு வாங்குனது."

சர்வீஸ்

இரண்டு மாதம் கழித்துத் தூசி கழுவப் போனேன். மழை விடட்டும் என்று மாமியார் இன்னும் அனுப்பவில்லை. டேங்க் நிறையச் சுடுதண்ணி. முருகேசனோ தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டு உதடு நடுங்க வந்து நின்றார். முதல் தண்ணீர் குழந்தைக்குத்தானாம். என் மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தபோது நானும் காலி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவன்தான். ஆனாலும் மெக்கானிக் புத்தி போகுமா? வீணாக ஓடுகிறது, அவர்கள் வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்றேன்.

"சொல்லாம வந்து எறங்கிட்டா இன்னாங்க பண்றது? புள்ளைய காக்க வெக்க முடியுமா?"

புகார்

தை பிறந்த சில நாளில் அவர் நம்பரிலிருந்து போன். எடுத்தால் பெண் குரல், பின்னால் குழந்தை வீறிடும் சத்தம். செல்விதான். மெஷினுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"மெஷின் நல்லாத்தாங்க ஓடுது. தண்ணிதான் பத்தல. புள்ளைய தொடைச்சிப் பாலு குடுத்துட்டு நான் குளிக்க வர்றதுக்குள்ள, மீதிய இவரு ஊத்திக்கினு வந்துடறாரு."

காலி வீட்டில் நின்று கணக்குப் போடுகிறவனுக்கு எந்த டேங்கும் பெரிசாகத்தான் தெரியும்.