தூங்குகிற கை அழுத்தாது

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். துறைமுகத்தில் சங்கிலி மாட்டும் கூலியாக நுழைந்து, இன்று திருவொற்றியூரில் சொந்தமாக கிரேன் யார்டு வைத்திருக்கிறேன். மாடி வீடு கட்டினேன். மகளைப் பல் டாக்டர் ஆக்கினேன். வெள்ளத்தில் யார்டு முங்கிய வருஷம், பக்கத்து யார்டுக்காரர் "இவன் கதை முடிஞ்சது" என்றார். பிறகு சேற்றில் சிக்கிய அவருடைய லாரியைத் தூக்கிவிட்டதே என் கிரேன்தான். எதற்கும் பயந்தவனில்லை. பயந்தது ஒரே ஒரு மத்தியானம், போன வருஷம், ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி அறையில்.

என் மனைவிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மறுநாள். வலிக்கு ஒரு மிஷின் வைத்து, அதன் பொத்தானை அவள் கையிலேயே கொடுத்திருந்தார்கள். வலித்தால் அவளே அழுத்திக்கொள்ளலாம். கொஞ்சம் மருந்து ஏறும், கூடவே தூக்கமும் வரும். பச்சை விளக்கு எரிந்தால்தான் அடுத்த மருந்து. "வேற யாரும் தொடாதீங்க" என்று நர்ஸம்மா என்னிடமும் என் கொழுந்தியாவிடமும் சொன்னார். இருவரும் தலையாட்டினோம். கொழுந்தியாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு நான் யார்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கம் நோயாளிக்குத் துணை இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கேவலம். காலைப் பிடிப்பார்கள், விசிறுவார்கள், ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

சாப்பாட்டோடு திரும்பி வந்தேன். கொழுந்தியா முகமெல்லாம் பெருமை.

"வா மாமா. அக்கா முனகவே இல்ல. பச்ச லைட்டு எரியும்போதெல்லாம் நான்தான் அமுக்கிகினு கீறேன்."

"வேற யாரும் தொடக் கூடாதுன்னாங்களே!"

"அவ கூடப் பொறந்தவ மாமா நானு. நான் இன்னா வேற ஆளா?"

மனைவியைப் பார்த்தேன். ஒரு குறட்டை வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. காத்திருந்தேன், வரவே இல்லை. உதடு கறுத்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், கண் திறக்கவில்லை. பொத்தானைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டு, யார்டே அதிரும் என் குரலில் நர்ஸைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார்கள். மிஷினை நிறுத்தினார்கள், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், மருந்தை முறிக்க மாற்று ஊசி போட்டார்கள். கொழுந்தியா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, "நான் கொன்னுட்டனா மாமா?" என்று கேட்டாள்.

அப்புறம் மனைவி கண் திறந்தாள்.

"இன்னாத்துக்குக் கத்துற? இது இன்னா உன் யார்டா?"

நாற்பது வருஷமாக அவள் என்னைத் திட்டியதில் அதுதான் இனித்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நோயாளி கையில் பொத்தானைக் கொடுப்பதே பாதுகாப்புக்குத்தான். மருந்து கூடினால் அவள் தூங்கிவிடுவாள்; தூங்குகிற கை அழுத்தாது; மருந்து தானாக நின்றுவிடும். விழித்திருக்கிறவர் பாசத்தில் அழுத்தினால் அந்தப் பாதுகாப்புப் பூட்டு உடைந்துவிடும்.

என் கிரேன் பொத்தானும் அப்படித்தான். பிடித்திருப்பவன் கை விட்டால் கிரேன் நிற்கும். அதனால்தான் யார்டில் வேறு எவனும் அதைத் தொட விடமாட்டேன். சாயங்காலமே யார்டிலிருந்து ஒரு சிவப்பு அட்டை எடுத்து வந்து, "கூடப் பிறந்தவரும் தொடக் கூடாது" என்று எழுதி, அந்தப் பொத்தானில் கட்டினேன். கொழுந்தியாதான் முடிச்சுப் போட்டாள்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் அந்த மாதிரி மிஷின் எல்லாவற்றிலும் அதே வாசகத்தோடு சிவப்பு அட்டை தொங்குகிறது. கீழே ஆஸ்பத்திரி முத்திரை மட்டும்தான். அதன் ஓரத்தில் சின்ன எழுத்திலாவது "திருவொற்றியூர் கிரேன்காரர் சொன்னது" என்று போட வேண்டும். போடும்வரை கேட்பேன்; இன்றைக்கும் ராத்திரியில் பக்கத்தில் மனைவி அடுத்த மூச்சு இழுக்கும் வரை காத்திருந்து கண்மூடுகிறவனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.