நாற்காலிக்கு நாற்பது மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு என் மகன் எங்களை அடையாறில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போனான். கிளம்புவதற்கு முன் அவனும் மருமகளும் செல்போனை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆராய்ச்சி செய்தார்கள். இந்த ஓட்டலுக்கு நாலரை நட்சத்திரம், அதற்கு நாலேகால், இங்கே பொங்கலில் நெய் தூக்கல், அங்கே சாம்பாரில் வெல்லம் தூக்கல் என்று யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே, காஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்றாவது தடவையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. எப்போதும் அணைத்துத்தான் இருக்கும். ஆனாலும் போய்ப் பார்க்காவிட்டால் எனக்கு இட்லி இறங்காது.

ஓட்டலில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஊரில் இடம் பிடிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடிக்கப்போகிறவர்களின் மேசையாகப் பார்த்து அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். அவர்கள் தட்டில் இருக்கும் கடைசி விள்ளல் தோசையை நாமும் கண்ணால் தின்ன வேண்டும்.

“அம்மா, அந்த டேபிள் முடிஞ்சிடுச்சு பாரு, போய் நில்லு. நான் வண்டிய விட்டுட்டு வரேன்” என்றான் மகன். போய் நின்றேன்.

முடியவில்லை. இரண்டு பெண்கள், இருபது வயது இருக்கும். ஒரே மாதிரி மெரூன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. ஏதோ கடையில் வேலை பார்க்கிறவர்கள். காபி அப்போதுதான் வந்திருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. மேசைக்கு அடியில் இருவருமே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஒருத்தி வலது குதிகாலால் இடது பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த அழுத்தலைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். காபியை ஒரு ஆற்று ஆற்றி, நாக்கு பொசுங்க இரண்டு மடக்கு விழுங்கி, காலாலேயே செருப்பைத் துழாவி எழுந்துவிட்டாள். கூடவே மற்றவளும்.

“இருங்கம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“பரவால்ல ஆன்ட்டி, நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது.

பொங்கல் வந்தது, வடை வந்தது, நாலரை நட்சத்திரத்துக்கு ஏற்ற மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். “எத்தன ஸ்டார் குடுக்கலாம்மா?” என்று மகன் கேட்டான். கடையில் வேலை பார்த்த காலத்தில் நாங்களும் ஓட்டல்களுக்கு மார்க் போட்டவர்கள்தான். ஆனால் பொங்கலுக்குப் போட்டதில்லை.

எட்டாவதோடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பதினெட்டு வயதில் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அந்தக் கடையும் இப்போது இல்லை. முதல் மாடி, பருத்திப் புடவைப் பகுதி. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளருக்குத்தான் நாற்காலி. அலமாரியில் கொஞ்சம் சாய்ந்தால் எங்கிருந்தோ சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுவார். கத்த மாட்டார், திட்ட மாட்டார். அந்தச் செருமல் போதும். மற்றவர்களுக்கு முதுகு நிமிரும், நான் மடித்து வைத்த புடவையையே திரும்பப் பிரித்து மடிப்பேன். நான் அப்படிப்பட்ட பிறவி. பேருந்தில் கண்டக்டர் பக்கத்தில் வந்தால், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே டிக்கெட் வாங்கினோமா என்று பயப்படுகிறவள்.

அந்த மாடியில் எனக்கு இரண்டு தோழிகள். ஒருத்தி ரெஜினா, சாந்தோம் பக்கத்துப் பெண். அவள் அம்மா கன்னியர் நடத்தும் பள்ளியில் ஆயா, அத்தைமார் இரண்டு பேர் டீச்சர். அவளும் பத்தாவது பாஸ். அதனால் உலகத்தில் எல்லாவற்றுக்கும் மார்க் போடும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தாள். எங்களுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. இன்னொருத்தி கஸ்தூரி. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வருவாள். வாய் ஓயாது. புடவையைப் பிரித்துப் போடும்போதே வாடிக்கையாளரின் மாமியாரை எந்த நிறத்தில் வெறுப்பேற்றலாம் என்று யோசனை சொல்லி இரண்டு புடவை விற்றுவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம் குறைவு. அன்று மத்தியான அரை மணி நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் வெளியே போய்ச் சாப்பிடுவோம். மாசத்துக்கு ஒரு நாள் மூன்று பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தால் மயிலாப்பூர், அடையாறு என்று பஸ் ஏறியும் போவோம். போகிற இடத்துக்கெல்லாம் ரெஜினா மார்க் போடுவாள், புடவை மடிப்புக்குள் வைக்கிற அட்டையின் பின்பக்கத்தில், பென்சிலால். நாற்காலிக்கு நாற்பது மார்க். மின்விசிறிக்கு இருபது. சாப்பிட்ட பிறகு விரட்டாமல் விட்டால் முப்பது. மிச்சம் பத்து சாப்பாட்டுக்கு.

ஒரு ஓட்டலில் மார்பு உயரத்துக்கு வட்ட மேசைகள், நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். கஸ்தூரி வாசலிலேயே திரும்பிவிட்டாள். “காலீலேருந்து ஓசில நின்னுக்கினு கீறோம். இங்க துட்டு குடுத்து வேற நிக்கணுமாடி?” ரெஜினா அதற்கு முட்டை போட்டாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மெஸ், கத்திரிக்காய் சாம்பார் என்றால் அப்படி ஒரு சாம்பார், இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. ஆனால் நீளப் பெஞ்சு, சாய்வு கிடையாது. அந்த முனையில் இருந்த பருமனான மாமா ரசத்துக்குப் பிறகு எழுந்தார், இந்த முனையில் நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துச் சாய்ந்தோம். முப்பத்தைந்து மார்க். தீபாவளி போனஸ் வாங்கிய அன்று ஒரு ஏசி ஹாலுக்குள் போய் மெத்தை சோபாவில் புதைந்தோம். மேசை என் தாடைக்கு வந்தது. அதற்கு ரெஜினா நூறு போடுவாள் என்று பார்த்தால் ஐம்பதுதான். “எழுந்து கடைக்குப் போகவே மனசு வரல. இதெல்லாம் நமக்குக் கெட்ட பழக்கம்” என்றாள்.

கடைசியில் ஜெயித்தது பனகல் பார்க் பக்கம் ஒரு பழைய ஓட்டல். உள்ளே நுழைந்ததும் டிகாக்ஷனும் பினாயிலும் ஈரச் சலவைக்கல்லும் கலந்த ஒரு வாசனை வரும். கல் மேசைகள். நாற்காலிகள் மரம், முதுகுக்குச் சாய்வு உண்டு, கை வைக்க இடம் உண்டு. அங்கே ஏகாம்பரம் என்று ஒரு சர்வர். நாங்கள் யார், எதற்கு வருகிறோம் என்று இரண்டாவது செவ்வாய்க்கிழமையே கண்டுகொண்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆர்டர் சொல்ல மாட்டோம். ஒருத்தி இட்லி, அது முடியும்போது இன்னொருத்தி வடை, அப்புறம் காபி, அதுவும் ஒன்றொன்றாக. இப்படி மேசையைக் காப்பாற்றுவோம். கல்லாவில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் ஏகாம்பரம் அவர் காதில் விழுகிற மாதிரி, “மூணாம் நம்பர் டேபிளுக்குத் தோச ஊத்திக்கினு கீறாங்க” என்பார். நாங்கள் தோசையே சொல்லியிருக்க மாட்டோம். எங்கள் பக்கம் குனிந்து, “குந்திக்கினு இரும்மா, கல்லு இன்னும் காயல” என்பார். ரெஜினா அட்டையில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள். இரண்டு மார்க் ஏன் குறைத்தாய் என்று கேட்டேன். நூற்றுக்கு நூறு கடவுளுக்குத்தான் என்றாள்.

கஸ்தூரி முழுகாமல் இருப்பதை எங்களிடம் சொன்னதும் அந்த மேசையில்தான். அப்போதே ஐந்து மாதம். வயிறு தெரிந்தால் கடையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப எடுப்பார்கள் என்பது நிச்சயமில்லை. அவள் புருஷனுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை, இருந்தால் உண்டு. அவள் சம்பளத்தில்தான் அரிசி. அதனால் புடவையைத் தளர்த்திக் கட்டி, முன்னால் எப்போதும் ஒரு அடுக்குப் புடவையை வைத்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. செவ்வாய்க்கிழமை போதாமல் தினமும் அந்த ஓட்டலுக்குப் போக ஆரம்பித்தோம்.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் மாடியில் பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பை கொடுக்கிற ஒரு வேலை. அங்கே மட்டும் ஒரு இரும்பு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், வேலையை விட்டுப் போகிறாள். “அந்த ஸ்டூலு மட்டும் கெட்ச்சா போதும்டி, பெத்துக்குற வரிக்கும் தள்ளிடுவேன்” என்பாள் கஸ்தூரி. கீழ்த்தளத்தில் யாருக்கு எந்த வேலை என்று பார்க்கிற பெரியவரிடம் சொல்லி வைத்திருந்தாள். இன்னும் இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும். ரெஜினா மாதாவுக்கு மெழுகுவத்தி வேண்டிக்கொண்டாள். நான் வழக்கம்போல ராத்திரியெல்லாம் தூங்காமல், என்னென்ன விபரீதம் நடக்கலாம் என்று வரிசையாக யோசித்தேன். அந்த வரிசையில் நான் இல்லை.

அன்று பொங்கலுக்குத் துணி எடுக்க வந்த கூட்டம், ஓட்டலில் நிற்கக்கூட இடமில்லை. நாங்கள் எப்படியோ மூன்றாம் நம்பர் மேசையைப் பிடித்திருந்தோம். கஸ்தூரி செருப்பைக் கழற்றிவிட்டு, சாய்ந்து, கண்ணை மூடியிருந்தாள். அவள் வடை பாதி தட்டில் இருந்தது. அப்போது சூப்பர்வைசர் உள்ளே வந்தார். எங்கள் நாற்காலிக்குப் பின்னால்கூட வரவில்லை. இரண்டு மேசை தள்ளி, யாருக்குப் பின்னால் நிற்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கவனிக்கவே இல்லை. கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார், அவ்வளவுதான்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழுந்ததாகச் சொன்னால் அது பொய். முதலில் முழங்கால் நிமிர்ந்தது, பிறகு வாய் பேசியது. “சார், இங்க உக்காருங்க சார்” என்றேன், கையில் இட்லியோடு. நான் எழுந்ததைப் பார்த்து ரெஜினாவும் எழுந்தாள். சூப்பர்வைசர் எங்களை நோக்கி வந்தார். இரண்டு பேர் நிற்கும்போது கஸ்தூரி மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பாள்? ஒரு கையைக் கல் மேசையில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பின் பின்னால் கொடுத்து, மூச்சை இழுத்து எழுந்தாள். முன்னால் வைத்துக்கொள்ள அங்கே புடவை அடுக்கு இல்லை. அவர் மூன்று பிள்ளை பெற்ற மனுஷர். அந்த எழுந்திருத்தல் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஏகாம்பரம் காபியோடு வந்து நின்றார். “அவங்க இன்னும் முடிக்கல சார்” என்றார். எங்களுக்காக அன்று வாயைத் திறந்த ஒரே ஆள் அவர்தான்.

“எனக்கு ஒரு சாப்பாடு கொண்டா” என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் கஸ்தூரியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பாதி வடை இருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, மெதுவாக, “எத்தனை மாசம்மா?” என்று கேட்டார்.

“ஏழு சார்.”

திரும்பி நடந்தபோது கஸ்தூரி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கடைப் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

“நீ இன்னாத்துக்குடி எய்ந்த? அவரு உன்ன எய்ந்திருன்னு சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்பறம்?”

அந்த “அப்பறம்”தான் இத்தனை வருஷமாக என்னிடம் இருக்கிறது.

சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, “உடம்பப் பாத்துக்கம்மா, குழந்தை பொறந்தப்புறம் வா, பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்கள் யாராவது ஒரு வார்த்தை பேசியிருப்போமோ என்னவோ. எனக்கு அதில்கூட நம்பிக்கை இல்லை. தை பிறந்தது, பை கொடுக்கிற பெண் கல்யாணமாகிப் போனாள். “மரியாதை தெரிஞ்ச பொண்ணு” என்று சொல்லி சூப்பர்வைசர் அந்த ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அதில் உட்கார்ந்தேன். இன்றைக்கு என் வயதில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு இல்லை. மருமகள்கூட ஒரு தடவை ஆச்சரியப்பட்டாள். என்ன சொல்வேன்?

ரெஜினா என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் அதற்கப்புறம் டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்துவிட்டாள். கஸ்தூரிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். நான் ஒரு பூப்போட்ட சட்டை வாங்கினேன், குழந்தையைப் பார்க்கப் போகலாம் என்று. கஸ்தூரி வீடு எனக்குத் தெரியும், ஒரு ஆடி மாதம் கூழ் ஊற்றக் கூப்பிட்டிருந்தாள். ஆற்றைப் பார்த்த மூன்றாவது சந்து, நீல வாசற்படி. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். போனதும் அவள் திரும்பவும் அதையே கேட்டால்? சட்டை டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. பிறகு அதை என் மகனுக்குத்தான் போட்டேன். “போய் நில்லு” என்று என்னை அந்தப் பெண்களுக்குப் பின்னால் அனுப்பினானே, அவனுக்கு.

பனகல் பார்க் பக்கத்து ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே நீலச் சட்டைப் பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது என்கிறார்கள். ஓரத்தில் இரண்டு ஸ்டூல் இருந்தது. மேலே அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. அந்த மார்க் அட்டை ரெஜினாவிடம் இருக்கலாம். ரெஜினா எங்கே என்று தெரியாது. ஏகாம்பரத்தை அன்றைக்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. முகத்தைக் காட்ட முடியாமல் வேறு தெரு வழியாகப் போய்ப் பழகிவிட்டேன்.

அடையாறிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே, யாரிடமும் சொல்லாமல், பஸ் பிடித்து சைதாப்பேட்டை போனேன். இத்தனை வருஷம் கழித்து. மூன்றாவது சந்தும் இல்லை, முதல் சந்தும் இல்லை. கரையோரக் குடிசைகளையெல்லாம் எடுத்து, ஆட்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்த இடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசை காட்டினார்கள். கரையில் இப்போது நடைபாதை, ஓரத்தில் செடிகள், நடக்கிறவர்கள் களைத்தால் உட்காரச் சாய்வு வைத்த கல் பெஞ்சுகள். ரெஜினா இருந்தால் நாற்பதுக்கு நாற்பது போட்டிருப்பாள்.

ஒரு பெஞ்சில் இருந்த அம்மாள் நான் நிற்பதைப் பார்த்துத் தன் பையை நகர்த்தி, “உக்காருங்க” என்று இடம் விட்டார். பரவாயில்லை, நிற்கிறேன் என்றேன். அந்த நீல வாசற்படி எந்தப் பெஞ்சுக்கு அடியில் போயிற்று என்று தெரியாமல் எதில் உட்காருவது?