கேள்விக்குறியோடு நின்ற தண்ணீர்

உருத்திரபுரத்தில் வாய்க்கால் கதவு திறந்துவிடுகிற தில்லைநாதன், இணைய முகவரிகளையும் திறந்துவிடுவார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு நடத்திய இரண்டு மணிநேர இணையப் பயிற்சியில் அவர் ஒன்றரை மணிநேரம் விழித்திருந்தார். அது போதும். முகவரிக்கு முன்னால் நிற்கும் எச்ரிரிபிஎஸ் (https) என்ற எழுத்துகள் கதவின் பூட்டு. புள்ளி வைத்த பெயர் குளம். அதற்குப் பின் வரும் சரிந்த கோடு ஒவ்வொன்றும் ஒரு கிளை வாய்க்கால். "ஆருடைய குளம் எண்டு பாத்திட்டு வாய்க்காலுக்குள்ள இறங்குங்கோ" என்று அவர் தேநீர்க் கடையில் சொன்ன பிறகு, ஊரில் ஒருவரும் போலி முகவரியில் விழவில்லை. விழுந்தவர்கள் அவரிடம் சொல்லவில்லை.

போன ஆவணியில் ஜெகதீஸ்வரி அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார். தங்கை அனோஜாவுக்கு ரொறன்ரோவில் கலியாணம். ஜெகதீஸ்வரிக்கு விசா கிடைக்கவில்லை. தாலி கட்டுவதை நேரலையில் பார்க்கலாம் என்று அழைப்பிதழின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு முகவரி. முகூர்த்தம் நம்முடைய நேரத்துக்கு மாலை ஐந்து நாற்பது.

தில்லைநாதன் ஜெகதீஸ்வரியின் கைபேசியில் பூட்டு, குளம், வாய்க்கால் என்று அடித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இதில கேள்விக்குறி கிடக்கு, பிள்ளை."

"அதுக்கென்ன அண்ணை?"

"அடிச்சவனுக்கே சந்தேகம். நாங்கள் ஏன் அதுக்குள்ள போகவேணும்?"

கேள்விக்குறியையும் அதற்குப் பின்னால் இருந்ததையும் விட்டுவிட்டார். கலியாணம் ஓடத் தொடங்கியது. மணப்பெண் தலை குனிந்திருந்தாள்.

"மெலிஞ்சு போனாள்" என்று ஜெகதீஸ்வரி விம்மினார்.

"குளிர்."

"மாப்பிள்ளைக்குத் தாடி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"அதுவும் குளிருக்குத்தான்."

தாலி கட்டியாயிற்று. ஜெகதீஸ்வரி முந்தானை நனைய அழுதார். இரண்டு நிமிடத்தில் அதே மாப்பிள்ளை அதே பெண்ணுக்கு மறுபடியும் தாலி கட்டினார்.

"என்னண்ணை, திருப்பியும் கட்டுறான்!"

"கனடாவில ஒருக்காக் கட்டினாக் காணாதாக்கும்."

மூன்றாம் தரம் கட்டும்போது பெண் நிமிர்ந்தாள். யாரோ ஒருத்தி. நேரலைக்காரர்கள் விளம்பரத்துக்குப் போட்டு வைத்த மாதிரிக் கலியாணம். மணி ஐந்து முப்பத்தெட்டு.

ஜெகதீஸ்வரி அழைப்பிதழைப் பறித்துப் பார்த்தார். கேள்விக்குறிக்குப் பின்னால் 47 என்று இருந்தது.

"ஒரு வாய்க்கால்ல எத்தினை வயல் கிடக்கு? தண்ணி விடேக்க எந்த வயலுக்கு எண்டு கேக்கமாட்டியளோ? அவங்கள் எந்தக் கலியாணம் எண்டு கேக்கிறாங்கள், அண்ணை! நாப்பத்தேழாவது!"

"நான் ஒருநாளும் கேட்டதில்லையே" என்றார் தில்லைநாதன்.

போன போகம் தன்னுடைய வயல் ஏன் காய்ந்தது என்று ஜெகதீஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. அதைப் பேச நேரமில்லை. கேள்விக்குறியையும் 47ஐயும் தானே அடித்தார். அனோஜா வந்தாள், கொஞ்சமும் மெலியாமல். கெட்டிமேளம் முழங்கியது.

"இப்ப அழுங்கோ பிள்ளை, இதுதான் சரியான கலியாணம்" என்றார் தில்லைநாதன்.

"எங்கயண்ணை அழ? எல்லாத்தையும் அந்தத் தாடிக்காரனுக்கு அழுது முடிச்சிட்டன்."